நீருக்கடியில் ஒரு பெரட்டு

மலாக்காத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பர். ஏட்டில் பெயர் இருந்தால் போதாது. ஆள் எதிரே நிற்க வேண்டும். நமக்கு வடக்கே, பாங்கியில் 1982 சூன் 28ஆம் நாள் தொடர்வினை கண்ட ஆய்வு அணுவுலைக்கும் அதே நியதிதான். 1972இல் நடப்புக்கு வந்த உடன்படிக்கையின்படி, அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் எரிபொருள் கணக்கை நேரில் வந்து சரிபார்க்கலாம்.

பெரிய மின்னுலைகளில் இப்பணி கடினம். பயன்படுத்திய எரிபொருள் ஆழ்ந்த நீர்த்தொட்டியில் கிடக்கும். நீரின் காப்பின்றி அதனை நெருங்குவது உயிருக்குக் கேடு. நெடுங்காலமாக ஆய்வாளர்கள், கதிர்வீச்சால் நீரில் எழும் செரன்கோவ் ஒளியை மேலிருந்து கருவிகொண்டு நோக்கி வந்தனர். ஆயின், கட்டினுள் சில கோல்களை உருவிவிட்டுப் போலிகளைச் செருகியிருந்தால் அவ்வொளி எளிதில் காட்டிக்கொடாது. அக்கோல்களிலோ புளூட்டோனியம் உண்டு.

2017இல் முகமை ஏற்ற காமா கதிர்ப்படக் கருவி இக்குறையைப் பெரிதும் போக்கியது. நீருள் வைக்கப்படும் வளையம் அது. அதன் நடுத்துளையில் எரிபொருள் கட்டினை இறக்குவர். உணரிகள் சுற்றிவந்து காமாக் கதிர்களை அளக்கும். மருத்துவமனையின் சிடி ஸ்கேன் வெளியிலிருந்து கதிரைச் செலுத்துகிறது. இங்கோ கோலே கதிரைத் தருகிறது. கணினி வரையும் குறுக்குவெட்டுப் படத்தில் ஒவ்வொரு கோலும் ஓர் ஒளிப்புள்ளி. உருவப்பட்ட கோலின் இடம் இருண்டு தோன்றும்.

பின்லாந்தின் ஒன்காலோ நிலவறையில், ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில், எரிபொருளைச் செப்புக் கலன்களில் அடைத்துப் புதைக்கத் திட்டமிட்டபோது இதன் தேவை கூடியது. புதைத்தபின் மீண்டும் பெயர் வாசிக்க இயலாதாகையால், அடைக்குமுன்னரே ஒவ்வொரு கட்டையும் சோதித்தாக வேண்டும்.