மரத்தூளும் மாட்டு ரத்தமும்: குக்கர் கைப்பிடிக்குள் ஒரு வரலாறு

கடைசல் பட்டறை பக்கம் போயிருக்கீங்களா? மரக்கட்டை சுத்திக்கிட்டே இருக்கும். உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக வந்து விழும். ஒரு கிண்ணம் கடைந்து முடிக்கும்போது, பல சமயம் கிண்ணத்தில் இருக்கிற மரத்தைவிடத் தரையில் கிடக்கிற மரம்தான் அதிகம். உள்ளே குடைந்து எடுத்ததெல்லாம் கீழேதானே விழணும்.

அதை என்ன செய்வது? நம்ம ஊர் பதில், மரத்தூள் அடுப்பு. வீட்டுல பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. தகர அடுப்புக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை மெதுவாக உருவிட்டா நடுவுல ஒரு குழி. கீழே பத்த வெச்சா மணிக்கணக்கில் நின்று எரியும். நல்ல டெக்னிக்தான். ஆனா எரிச்சா தீர்ந்துபோச்சு. தூளை மறுபடியும் மரமாக்க முடியுமா என்று யோசித்த ஒருவரின் கதைதான் இன்றைக்கு.

1855, பாரிஸ். பிரான்சுவா சார்ல் லெபாஜ் என்பவர் ஒரு புதுப் பொருளுக்குக் காப்புரிமை வாங்குகிறார். பெயர் 'புவா துர்சி', அதாவது கெட்டிப்படுத்திய மரம். செய்முறையைக் கேளுங்க. கருங்காலி, ரோஸ்வுட் மாதிரியான மரங்களின் தூள். (கருங்காலி மாலை போட்டிருக்கிறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க.) அதோட மாட்டு ரத்தம். ஆமா, சரியாத்தான் கேட்டீங்க.

ரத்தம் எதுக்கு? அதில் அல்புமின் என்கிற புரதம் இருக்கு. முட்டை வெள்ளைக்கருவில் இருப்பதும் அந்த வகைதான். வெள்ளைக்கரு சூடானா கெட்டியாகும், அப்புறம் நீங்க என்ன பண்ணாலும் இளகாது. இங்கேயும் அதே வேலைதான். தண்ணீர் கலந்த ரத்தத்தில் தூளை ஊற வைத்து, காய வைத்து, உலோக அச்சில் கொட்டி, சூட்டோடு ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். வெளியே வருவது கருப்பாக, பளபளப்பாக, கருங்காலியில் செதுக்கியது போலவே இருக்கும். மையக்கூடு, படச்சட்டம், விக்டோரியா ராணி, மூன்றாம் நெப்போலியன் முகம் பதித்த வட்டத் தகடுகள் எல்லாம் இப்படி வந்தன. சிற்பி ஒரு முகத்தைச் செதுக்க நாள்கணக்காகும். அச்சு அதே முகத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். ஒரு பக்கம் பட்டறைக் கழிவு, இன்னொரு பக்கம் கசாப்புக்கூடக் கழிவு. ரெண்டும் சேர்ந்து பணக்காரர் மேஜைக்குப் போச்சு. இதைவிடத் துணிச்சலான மறுபயன்பாட்டை நான் எங்கேயும் படித்ததில்லை.

அரை நூற்றாண்டு தாண்டி நியூயார்க் பக்கம் வருவோம். யாங்கர்ஸ் என்ற ஊர், லியோ பேக்லாண்ட் என்ற பெல்ஜிய வேதியியலாளர். அப்போது மின்சாரத் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. இன்சுலேஷனுக்கு ஷெல்லாக் தேவைப்பட்டது. அது பெரும்பாலும் இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சி கொடுக்கிற பொருள். நம்ம மரப் பொம்மைகளுக்குக் கடைசலில் சுற்றவிட்டே நிறம் ஏற்றுகிறார்களே, அதே அரக்குதான். பூச்சி எவ்வளவு கொடுக்கும்? அதற்கு மாற்றுத் தேடிய பேக்லாண்ட், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, 1907-ல் பேக்கலைட்டை உருவாக்கினார். 1909-ல் உலகத்துக்கு அறிவித்தார்.

பாடப்புத்தகம் இத்தோட முடிச்சிடும். ஆனா அந்தப் பிசின் தனியாக இருந்தால் எளிதில் நொறுங்கும், விலையும் அதிகம். அதைத் தாங்கிப் பிடித்தது நம்ம மரத்தூள்தான். இழைப்புச் சீவலையும் அறுப்புத் தூளையும் மாவு போல அரைத்துக் கலந்தார்கள். பல கலவைகளில் எடையில் கிட்டத்தட்ட பாதி மர மாவு. லெபாஜ் செய்த அதே வேலை, ரத்தத்துக்குப் பதில் ரசாயனம். 1930-களின் ரேடியோ பெட்டி, டெலிபோன், தாத்தா வீட்டுக் கருப்பு வட்ட ஸ்விட்ச், உங்க கிச்சன் குக்கர் கைப்பிடி எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'முழுக்க செயற்கையான முதல் பிளாஸ்டிக்' என்று இதைக் கொண்டாடுவார்கள். பிசின் மட்டும்தான் செயற்கை. உடம்பில் பாதி மரம்.

இதுக்கு விலை இல்லாமல் இல்லை. தரையில் கிடந்த சீவல் மக்கி மண்ணாகியிருக்கும். பேக்கலைட்டுக்குள் போன தூள் சுலபத்தில் மக்காது. அதை உருக்கி வேறு பொருளாக வார்க்கவும் முடியாது, வெந்த வெள்ளைக்கரு மாதிரிதான். அப்புறம், மரத்தைப் பொடியாக்க ஆக்க அது காற்றில் மிதந்து மூச்சுக்குள் போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது 1995-ல்தான். அதற்குள் பேக்கலைட்டுக்கு வயசு 88. அத்தனை வருஷமும் ஆலைகளில் அந்த மாவை அரைத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட எந்த ரேடியோ பெட்டியிலும் இல்லை.