புயலுக்கு முந்திய சொல்: அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி எச்சரிக்கையின் வரலாறு

அமைச்சனுக்குரிய இலக்கணத்தை வகுத்த வள்ளுவர், அதற்கு அடுத்த அதிகாரமாகவே சொல்வன்மையை வைத்தார். நாட்டைக் காக்கும் பொறுப்பில் இருப்பவனுக்கு அறிவு மட்டும் போதாது. அறிந்ததைக் கேட்போர் ஏற்குமாறு எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படுகிறது. அவர் காலத்துக்கும் நாட்டுக்கும் மிகத் தொலைவிலுள்ள ஒரு துறை இக்கருத்துக்குச் சான்றாக நிற்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் கடும்புயல் வேளைகளில் மக்களை எச்சரித்து வந்த வரலாறே அது. இதனைக் கருவிகள் வளர்ந்த கதையாக எழுதுவதே பெருவழக்கு. கூர்ந்து நோக்கின், இது ஒரு சொல்லின் கதையாகவும் விளங்குகிறது. வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று தடுக்கப்பட்ட சொல் எவ்வாறு உயிர்காக்கும் சொல்லாயிற்று, எங்கே அது வலுவிழந்தது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலக்கப்பட்ட சொல்

வங்கக் கடலில் உருவாகும் புயலைத் தமிழர் நன்கறிவர். அது நாள் கணக்கில் நகர்ந்து வரும். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். கரையோர மக்கள் மேட்டுநிலம் நோக்கிச் செல்லக் காலம் உண்டு. அமெரிக்க நடுநிலச் சமவெளிகளில் வீசும் 'டொர்னாடோ' என்னும் சுழல்காற்றின் இயல்பு வேறு. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இளவேனிலில் மோதும்போது எழும் இடிமேகத்திலிருந்து அது தும்பிக்கைபோல் தரையிறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தன் அழிவை முடித்துவிடும். ஒரு தெரு தரைமட்டமாகியிருக்க, அடுத்த தெருவில் பூந்தொட்டியும் சாயாமல் நிற்பதுண்டு. எனவே இக்காற்றைப் பொறுத்தவரை எச்சரிக்கை என்பது நாள்களின் கணக்கன்று, நிமிடங்களின் கணக்கு.

1880களில் வானிலைப் பணி அமெரிக்கப் படைத்துறையின் பொறுப்பில் இருந்தது. அங்குப் பணியாற்றிய ஜான் ஃபின்லி என்னும் இளம் அலுவலர் இக்காற்றுகளைப் பற்றிய செய்திகளை ஊர் ஊராகத் திரட்டி, அவை தோன்றக்கூடிய நாள்களை முன்னறிய முயன்றார். ஆனால் அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில், முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே ஆளக்கூடாது என மேலிடம் தடை விதித்தது. காற்றால் விளையும் கேட்டைவிட, அச்சொல்லைக் கேட்டு மக்கள் கொள்ளும் பீதியால் விளையும் கேடு பெரிதாகும் என்பதே சொல்லப்பட்ட காரணம். பின்னர் வந்த வானிலைப் பணியகமும் அத்தடையைக் கைக்கொண்டது. 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஊடறுத்துச் சென்ற சுழல்காற்றில் 695 பேர் மாண்டனர். அன்றும் அச்சொல் எந்த முன்னறிவிப்பிலும் இடம்பெறவில்லை. மக்களைக் காக்கவென்று மறைக்கப்பட்ட சொல், மக்களைக் காவாது விட்டது.

1938இல் தடை நீங்கியது; தயக்கம் நீங்கவில்லை. 1948 மார்ச் 20ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் டிங்கர் வான்படைத் தளத்தைச் சுழல்காற்று தாக்கியது. அத்தளத்தின் வானிலை அலுவலர்களான ஃபாபுஷ், மில்லர் இருவரும் அதன்பின் பழைய பதிவுகளை ஆராய்ந்தனர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25ஆம் நாள், அதே அறிகுறிகள் வானில் தோன்றக் கண்டு துணிந்து முன்னறிவிப்புச் செய்தனர். அன்று மாலையே சுழல்காற்று அத்தளத்தை மீண்டும் தாக்கியது. விமானங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயினும் அந்த அறிவு படைவீரர்க்கே உரியதாயிருந்தது. வேலிக்கு வெளியே வாழ்ந்த உழவர்க்கு எட்டவில்லை.

அதனை எட்டச் செய்தது உள்ளூர்த் தொலைக்காட்சி. 1950களின் தொடக்கத்தில், ஓக்லஹோமா நகரின் டபிள்யூ.கே.ஒய். நிலையத்தில் வானிலை அறிவித்த ஹாரி வோல்க்மன், படைத்தளத்தின் முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்கு நேரடியாகப் படித்துக் காட்டினார். அத்தகைய அறிவிப்பை அதிகாரிகள் விரும்பாத காலம் அது. அஞ்சிய பீதி விளையவில்லை. சொல்லைக் கேட்ட மக்கள் சிதறி ஓடவில்லை. நிலவறைகளில் இறங்கிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டனர். மக்களை நம்பிச் சொல்லப்படும் சொல்லை மக்களும் நம்புவர் என்னும் பாடம் அப்போது பெறப்பட்டது.

படமும் குரலும்

1961 செப்டம்பரில் 'கார்லா' என்னும் பெரும்புயல் டெக்சாஸ் கரையை நெருங்கியது. ஹூஸ்டன் நகரின் கே.எச்.ஓ.யூ. நிலையத்தைச் சேர்ந்த டான் ராதர் என்னும் இளம் செய்தியாளர், கால்வெஸ்டன் தீவிலிருந்த வானிலை அலுவலகத்துக்குத் தம் படக்கருவியுடன் சென்றார். அங்கு ராடார் திரையில் புயல் சுழன்றுகொண்டிருந்தது. ஆனால் அந்த வெண்சுழியைக் கண்டு பாமரர் எதனை அறிவர்? கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் டெக்சாஸ் கரையின் வரைபடத்தை வரைந்து, அதனைத் திரையின்மேல் பொருத்திக் காட்டினர். புயலின் பருமன் அக்கணமே விளங்கிற்று. தத்தம் ஊர் அதனுள் அடங்கியிருப்பதை மக்கள் கண்டனர். சுமார் 3,50,000 பேர் கரையோரத்தை விட்டு வெளியேறினர். அளவுகோல் இன்றிப் பொருள் விளங்காது என்பதை உவமையின் பயனறிந்த எவரும் உணர்வர். ராடார் காட்டியது புயலை. வரைபடம் காட்டியது அதன் பொருளை.

காட்சிக்கு இல்லாத ஆற்றல் குரலுக்கு உண்டு என்பதைக் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரம் காட்டிற்று. அந்நகரின் தென்மேற்கில் பர்னட் குன்று என ஒன்று உண்டு. அக்குன்று நிற்கும்வரை நகரைச் சுழல்காற்று அணுகாது என்பது, அம்மண்ணின் பழங்குடியினர் பெயரால் வழங்கிவந்த நம்பிக்கை. 1966 ஜூன் 8ஆம் நாள் மாலை, சுழல்காற்று அக்குன்றின்மேல் ஏறியே நகருக்குள் இறங்கியது. டபிள்யூ.ஐ.பி.டபிள்யூ. நிலையத்தில் அப்போது இருந்தவர் பில் கர்டிஸ். அவர் சட்டப் படிப்பை முடிக்கும் நிலையிலிருந்த இருபத்தைந்து வயது இளைஞர்; நண்பர் ஒருவருக்குப் பதிலாகச் செய்தி வாசிக்க வந்தவர். அடுக்ககக் குடியிருப்பு ஒன்று அழிந்ததென்ற செய்தி நிலையத்தின் படப்பிடிப்பாளரிடமிருந்து வந்தது. கர்டிசின் மனைவியும் குழந்தையும் அதே நகரில் இருந்தனர். அவர் கூறியது ஒரே தொடர்: "கடவுள் பெயரால் கேட்கிறேன், ஒதுங்கிக்கொள்ளுங்கள்." அலுவல் நடையின் கட்டுப்பாட்டை மீறிய அத்தொடரே நகரை நிலவறைக்கு அனுப்பியது. பல்கலைக்கழகம் சிதைந்தது, பத்துக் கோடி டாலர் அளவுக்குச் சேதம் விளைந்தது. ஆயினும் இறந்தோர் எண்ணிக்கை இருபதைத் தொடவில்லை.

மொழி எட்டாத எச்சரிக்கை

இவ்வரலாற்றில் மொழியியலார் மறக்கலாகாத ஊர் ஒன்றுண்டு. மேற்கு டெக்சாசிலுள்ள சரகோசா, சில நூறு பேரே வாழ்ந்த சிற்றூர். அவர்களுட் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழியினர், பண்ணைத் தொழிலாளர். 1987 மே 22ஆம் நாள் மாலை, மழலைப் பள்ளியை முடித்த சிறுவர்க்கான விழாவுக்காக ஊரார் தேவாலய மண்டபத்தில் கூடியிருந்தனர். வானிலைத் துறை எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. ஆங்கிலம் அறிந்து, ஆங்கில நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்க்கு அது கிட்டியிருக்கும். அவ்வூரார் பார்த்துவந்த ஸ்பானியத் தொலைக்காட்சியோ தொலைவிலிருந்து கம்பிவழி வந்தது. உள்ளூர் எச்சரிக்கை அதில் இடம்பெறவில்லை. முப்பது பேர் மாண்டனர். அவர்களுள் இருபத்திருவர் அம்மண்டபத்தில் இருந்தவர்கள். பெற்றோர் பலர் தம் குழந்தைகளைத் தம் உடலாலேயே மூடிக் காத்தனர் என்பது அன்றைய செய்தி.

பின்னர் ஆராய்ந்த சமூகவியலார் மேலும் ஒன்றைச் சுட்டினர். ஆங்கிலத்தின் 'எச்சரிக்கை'ச் சொல்லுக்கு நிகராக வழங்கிய 'அவிசோ' என்னும் ஸ்பானியச் சொல், பொதுவான ஓர் 'அறிவிப்பு' என்ற அளவிலேயே பொருள் தந்தது. உயிருக்கு இடர் என்னும் அவசரம் அதில் இல்லை. அகராதி ஏற்கும் நிகர்ச்சொல்லைக் கேட்பவன் நெஞ்சமும் ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. மொழிபெயர்ப்பைப் புலமை விளையாட்டாகக் கருதுவோர்க்குச் சரகோசா ஓர் அறைகூவலாகும். தாய்மொழியில், உரிய சொல்லில், உரிய நேரத்தில் செய்தி பெறுதல் மொழியுரிமை மட்டுமன்று, உயிருரிமையும் ஆகும்.

இருளில் ஒலித்த குரல்

1992 ஆகஸ்ட் 24ஆம் நாள் விடியலில் 'ஆண்ட்ரூ' புயல் ஃபுளோரிடாவின் தென்பகுதியைத் தாக்கியது. மயாமி நகரின் டபிள்யூ.டி.வி.ஜே. நிலையத்தில் பிரையன் நார்கிராஸ் என்னும் வானிலையாளர் 23 மணி நேரம் இடைவிடாது பேசினார். மின்சாரம் நின்று திரைகள் இருண்டபோது, அவர் குரலை வானொலி நிலையங்கள் அஞ்சல் செய்தன. மின்கல வானொலியை அணைத்துக்கொண்டு இருளில் இருந்தோர்க்கு அது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாக இல்லை. வீட்டுப் பெரியவரின் குரலாயிற்று. சன்னல் இல்லாத உள்ளறைக்குச் செல்லுங்கள், மெத்தையைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொள்ளுங்கள் என்றார். செய்யத்தக்க ஒன்றைச் சொன்னதாலேயே அஞ்சியவர் அமைதியுற்றனர். ஃபுளோரிடாவில் 63,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அவர் சொற்படி செய்ததால் பிழைத்தோம் எனப் பல குடும்பத்தார் பின்னர்க் கூறினர்.

புதிதாகப் பிறந்த தொடர்

ஓக்லஹோமா நகரின் கே.டபிள்யூ.டி.வி. நிலையத்தைச் சேர்ந்த கேரி இங்கிலாந்து, 1980களின் தொடக்கத்திலேயே தம் நிலையத்துக்கு டாப்ளர் ராடாரைப் பெற்றவர். மழையை மட்டுமன்றி, மேகத்தினுள் காற்று அணுகுவதையும் விலகுவதையும் காட்டவல்லது அக்கருவி. அதனால் சுழற்சி தரையிறங்குமுன் அறிதல் இயன்றது. 1999 மே 3ஆம் நாள், மணிக்கு 480 கிலோமீட்டரை விஞ்சிய வேகமுடைய சுழல்காற்று மூர் நகரை நோக்கி வந்தது. நிலையங்களின் ஹெலிகாப்டர்கள் அதனை நேரடியாகக் காட்டின. நிலத்தடியில் இருந்தாலன்றிப் பிழைத்தல் அரிது எனும் கருத்தை இங்கிலாந்து ஒளிக்காமல் உரைத்தார். அதே மாலையில் நார்மன் நகர வானிலை அலுவலகத்தின் டேவிட் ஆண்ட்ரா, வழக்கமான எச்சரிக்கைச் சொல் போதாதென உணர்ந்து, 'டொர்னாடோ நெருக்கடி' என்னும் புதிய தொடரை அமைத்தார். விதிநூலில் இல்லாத தொடர் அது. பின்னர் விதிநூலில் ஏறியது. இலக்கணம் வழக்கைப் பின்பற்றும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. முப்பத்தாறு பேர் இறந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் சிதைந்தன. 1925ஆம் ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவோர்க்கு எச்சரிக்கையின் அருமை புலனாகும்.

சொல் மிகுந்தபோது

சொல் இன்மையால் வரும் கேடு போலவே, சொல் மிகுவதால் வரும் கேடும் உண்டு. 2011 மே 22ஆம் நாள் மிசௌரியின் ஜாப்ளின் நகரில் சுழல்காற்றால் 158 பேர் மாண்டனர். முதல் அபாயச் சங்கைக் கேட்டும் பலர் அசையவில்லை என்று அரசின் ஆய்வு கண்டது. அச்சங்கு அடிக்கடி ஒலித்துப் பழகிப்போயிருந்தது. வேறொரு சான்று கிடைக்கட்டும் என அவர்கள் காத்திருந்தனர். அந்நகர நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர்கள், கோபுரப் படக்கருவியில் காற்றைக் கண்டதும் ஒதுங்குமாறு நேயர்களை மன்றாடினர். அம்மன்றாட்டம் சிலருக்கு அச்சான்றாயிற்று. மறு ஆண்டிலிருந்து வானிலைத் துறை, விளையக்கூடிய அழிவை வெளிப்படையாகச் சொல்லும் எச்சரிக்கை நடையைக் கான்சாஸ், மிசௌரி அலுவலகங்களில் தொடங்கியது.

2013 மே 31ஆம் நாள் ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகன்ற சுழல்காற்று எழுந்தது. மூர் நகரை மற்றொரு சுழல்காற்று அழித்து அப்போது பதினொரு நாளே ஆகியிருந்தது. நிலவறை இல்லாதோர் காரில் ஏறித் தெற்கே செல்லலாம் என ஓர் ஒளிபரப்பில் அறிவுறுத்தப்பட்டது. முன்னைய அச்சமும் அவ்வறிவுரையும் சேர, நெடுஞ்சாலைகள் வாகனங்களால் அடைபட்டன. அக்காற்றில் மாண்ட எண்மரும் வாகனங்களில் சென்றோரே. சாலைகளில் சிக்கியிருந்த ஆயிரங்களின் பக்கம் காற்று திரும்பியிருப்பின் விளைவு எண்ணவும் அரிது. நம்பப்பட்ட குரலே தவறினால், நம்பிக்கையின் அளவுக்குக் கேடும் பெருகும்.

முடிவுரை

2012 முதல் அமெரிக்கக் கைப்பேசிகளும் எச்சரிக்கை ஒலிக்கின்றன. ஆயினும் அவ்வொலி கேட்டதும் மக்கள் உள்ளூர்த் தொலைக்காட்சியை நாடும் வழக்கம் நின்றுவிடவில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் நெடுங்காலம் வானிலை உரைத்துவரும் ஜேம்ஸ் ஸ்பான், மாவட்டப் பெயரோடு நில்லாமல் சிற்றூர், நாற்சந்தி, கடை, தேவாலயம் எனப் பெயர் சுட்டி எச்சரிப்பவர். தன் தெருமுனைக் கடையின் பெயரைக் கேட்ட பின்னரே காற்று தன்னை நோக்கி வருகிறது என்பதை மனிதன் நம்புகிறான். கருப்பொருள் இன்றிப் பாட்டு நிலைகொள்ளாது என்று கற்ற தமிழ் நெஞ்சுக்கு இது புதிதன்று.

ஒரு நூற்றாண்டைக் கடந்த இவ்வரலாறு கற்பிப்பன சில. மக்களின் அச்சத்துக்கு அஞ்சிச் சொல்லை மறைத்தல் தவறு. கேட்பவன் மொழியில் அமையாத சொல், சொல்லாத சொல்லே. அளவிறந்து ஒலிக்கும் சொல் செவியோடு நின்றுவிடும். இவற்றை அறிந்து, இடமறிந்து, காலமறிந்து சொல்பவனின் ஒரு தொடர் ஓர் ஊரைக் காக்கும். சொல்லையே தொழிலாகக் கொண்டோர், தம் சொல் யாரைச் சென்றடைகிறது, சென்றடைந்து என்ன செய்கிறது எனத் தமக்குள் கேட்டுக்கொள்ள இவ்வரலாறு துணைபுரியும். சரகோசாவின் மண்டபத்தில் அன்று மாலை கூடியிருந்தோர்க்கு வேண்டியிருந்தது, தம் மொழியில் ஒரு சொல்லே.