வோ-லெ-விக்கோந்த் மாளிகை

வோ-லெ-விக்கோந்த் பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், மெலன் நகருக்கு அருகிலுள்ள மான்சி என்னும் ஊரில் அமைந்துள்ள ஒரு மாளிகையும் அதைச் சார்ந்த தோட்டமும் ஆகும். இது பதினான்காம் லூயி மன்னரின் நிதி அமைச்சராக இருந்த நிக்கொலா ஃபூக்கே என்பவருக்காக 1658 முதல் 1661 வரை கட்டப்பட்டது. கட்டிடக் கலைஞர் லூயி ல வோ, ஓவியர் சார்ல் ல ப்ரன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே ல நோத்ர் ஆகிய மூவரும் முதன்முதலாக ஒரு பெரிய திட்டத்தில் இணைந்து பணியாற்றியது இங்குதான். பின்னர் இதே மூவரும் வெர்சாய் அரண்மனையை உருவாக்கினர். இதனால் வோ-லெ-விக்கோந்த், வெர்சாயின் முன்னோடி எனக் கருதப்படுகிறது. அளவில் சிறியதாயினும், ஒரே திட்டத்தின்படி ஒரே மூச்சில் கட்டப்பட்டதால் வெர்சாயில் காணக் கிடைக்காத ஓர் ஒருமைப்பாடு இதற்கு உண்டு.

ஃபூக்கேயும் மாளிகையும்

ஃபூக்கே இந்நிலத்தை 1641 இல் வாங்கினார். 1653 இல் நிதி அமைச்சரானார். அக்காலத்தில் பிரெஞ்சு அரசு ஓயாத போர்களால் கடனில் மூழ்கியிருந்தது. அரசை நம்பிக் கடன் கொடுக்க எவரும் முன்வராத நிலையில், ஃபூக்கே தமது சொந்தப் பெயரில் கடன் வாங்கி அரசுக்குக் கொடுத்தார். இதனால் அரசின் பணம் எது, அமைச்சரின் பணம் எது என்பது பிரித்தறிய இயலாதவாறு கலந்துபோனது. அவருடைய செல்வத்தின் தோற்றமும், பின்னர் அவர் மீது சாட்டப்பட்ட குற்றத்தின் வேரும் இதுவே.

மாளிகைக்கும் தோட்டத்துக்கும் இடம் வேண்டி, அங்கிருந்த மூன்று சிற்றூர்கள் இடித்து அகற்றப்பட்டன. ஓர் ஆற்றின் போக்கும் மாற்றப்பட்டது. திரைச்சீலைகள் நெய்வதற்கென மான்சியிலேயே ஒரு நெசவுக்கூடம் தொடங்கப்பட்டது. மேற்குப் பிரான்சின் வட்டார வழக்கில் 'ஃபூக்கே' என்பது அணிலைக் குறிக்கும் சொல். ஆகவே அணிலே அவரது குடும்பச் சின்னமாயிற்று. மாளிகையின் பல இடங்களில் அணில் உருவத்தை இன்றும் காணலாம். "எவ்வளவு உயரத்துக்குத்தான் ஏறமாட்டான்?" என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் அவரது குறிக்கோளுரையாக இருந்தது.

1661 ஆகஸ்டு 17 விருந்து

இம்மாளிகையின் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நாள் இது. அன்று மாலை மன்னரும் அரசவையினரும் ஃபோந்தேன்புளோ அரண்மனையிலிருந்து இங்கு வந்தனர். விருந்து ஏற்பாடுகளை வத்தேல் கவனித்தார். மொலியேர் எழுதிய 'லே ஃபாஷூ' என்னும் நகைச்சுவை நாடகம் தோட்டத்தில் முதன்முறையாக அரங்கேறியது. இரவில் வாணவேடிக்கைகள் நடந்தன. மன்னருக்கென ஒரு படுக்கையறையே அமைக்கப்பட்டிருந்தும், அவர் அங்கு தங்காமல் அன்றிரவே திரும்பிச் சென்றார்.

மூன்று வாரங்கள் கூட முழுமையாகக் கழியவில்லை. செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரில் ஃபூக்கே கைது செய்யப்பட்டார். கைது செய்த அதிகாரி, அலெக்சாண்டர் டூமாவின் புதினங்களால் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற தார்த்தன்யான்.

விருந்தின் ஆடம்பரத்தைக் கண்டு பொறாமை கொண்டே மன்னர் ஃபூக்கேயைச் சிறையிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இது முழு உண்மையன்று. ஃபூக்கேயை வீழ்த்தும் முடிவு விருந்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. முதலமைச்சர் மசாரின் 1661 மார்ச்சில் இறந்தபின், முதலமைச்சர் இன்றித் தாமே ஆள்வது என மன்னர் தீர்மானித்தார். அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த ஃபூக்கே அவருக்குத் தடையாக இருந்தார். ஃபூக்கேயின் கணக்குகளில் உள்ள முறைகேடுகளை மன்னரிடம் எடுத்துக் காட்டிவந்தவர் கோல்பேர். மசாரினின் சொத்துகளை நிர்வகித்தவரும் இவரே; மசாரினும் அரசுப் பணத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர்தான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஃபூக்கே பாரிஸ் உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்குரைஞர் பதவியும் வகித்தார். அப்பதவியில் இருப்பவரை அந்த நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க இயலும். கைதுக்குச் சற்று முன்னர், தூண்டுதலின் பேரில், அவர் அப்பதவியை விற்றுவிட்டார். விற்றபோதே தமக்கிருந்த ஒரே கவசத்தையும் இழந்தார்.

சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1664 டிசம்பரில், 22 நீதிபதிகளில் 9 பேர் மரண தண்டனையையும் 13 பேர் நாடு கடத்தலையும் பரிந்துரைத்தனர். மன்னர் இத்தீர்ப்பை ஆயுள் சிறையாக மாற்றினார். மன்னருக்குரிய அதிகாரம் தண்டனையைக் குறைப்பதற்கே வழக்கமாகப் பயன்படும். இங்கோ அது தண்டனையைக் கூட்டப் பயன்பட்டது. ஃபூக்கே ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள பிஞெரோல் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1680 இல் அங்கேயே இறந்தார்.

மாளிகையிலிருந்த திரைச்சீலைகள், சிலைகள், ஆரஞ்சு மரங்கள் முதலியன மன்னருக்காக எடுத்துச் செல்லப்பட்டன. மான்சி நெசவுக்கூடமும் பாரிஸுக்கு மாற்றப்பட்டு, புகழ்பெற்ற கோபலென் நெசவுச்சாலைக்கு அடித்தளமாயிற்று. ஃபூக்கேயை வீழ்த்திய கோல்பேரே 1664 இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை ஏற்படுத்தியது அக்கம்பெனிதான்.

கட்டிட அமைப்பு

மாளிகை அகழி சூழ்ந்த ஒரு மேடையின் மீது நிற்கிறது. நடுவில் நீள்வட்ட வடிவிலான பெருங்கூடமும் அதன் மேல் குவிமாடமும் உள்ளன. முன்வாயிலில் நின்று பார்த்தால் கட்டிடத்தின் ஊடாகவே பின்புறத் தோட்டம் தெரியும். கூடத்தின் கூரைக்கு ல ப்ரன் திட்டமிட்டிருந்த ஓவியம், கைது நிகழ்ந்ததால் தீட்டப்படவே இல்லை. மற்ற அறைகளின் செறிவான பொன் வேலைப்பாடுகளைக் கண்டபின் இக்கூடத்துள் நுழைபவர்களுக்கு அந்த வெறுமை உடனே புலப்படும்.

தோட்டம்

ல நோத்ர் அமைத்த இத்தோட்டம் பிரெஞ்சு முறைத் தோட்டக்கலையின் முதல் பெரும் படைப்பு எனலாம். இதன் சிறப்பு பூக்களில் இல்லை, ஒளியியலில் உள்ளது. பொதுவாகத் தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தெரியும். ல நோத்ர், மாளிகையிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் குளங்களைப் பெரிதாக அமைத்தார். எனவே மாளிகைப் படிகளில் நிற்பவருக்குத் தொலைவிலுள்ளவை அருகிலிருப்பது போலவும், தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுவது போலவும் தோன்றும். சதுரக் குளத்தை ஒட்டியே செயற்கைக் குகைகள் இருப்பதாகப் படும். நடந்து சென்றால்தான் உண்மை தெரியவரும். குளத்துக்கும் குகைகளுக்கும் நடுவே நிலம் சட்டெனத் தாழ்ந்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று குறுக்கே கிடக்கிறது. கால்வாய் தாழ்வில் இருப்பதால் மாளிகையிலிருந்து அது சிறிதும் கண்ணில் படாது. அங்கேல் என்னும் சிற்றாற்றைத் திருப்பி வெட்டப்பட்டது இக்கால்வாய். இதன் ஒரு முனை வட்டமாக இருப்பதால் 'வாணலி' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. அதற்கு அப்பால் உள்ள மேட்டில் பொன்முலாம் பூசிய ஹெர்குலிஸ் சிலை நிற்கிறது. சிலையின் அடியிலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் கடந்து வந்த தூரம் எவ்வளவு என்பது விளங்கும்.

பிற்காலம்

ஃபூக்கேயின் மனைவி 1673 இல் மாளிகையை மீளப் பெற்றார். 1705 இல் அது படைத்தலைவர் வில்லாருக்கும், 1764 இல் பிராலன் கோமகன் குடும்பத்துக்கும் விற்கப்பட்டது. 1847 இல் அக்கோமகன்களில் ஒருவர் பாரிஸில் தம் மனைவியைக் கொன்று தாமும் நஞ்சருந்தி மாண்டார். அதன்பின் மாளிகை சுமார் முப்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1875 இல் சர்க்கரை ஆலை அதிபரான ஆல்ஃபிரெட் சோமியே இதனை ஏலத்தில் வாங்கிப் புதுப்பித்தார். ஃபூக்கேயின் காலத்திலேயே திட்டமிடப்பட்டிருந்த இடத்தில் ஹெர்குலிஸ் சிலையை நிறுவியவரும் அவரே. இன்று நாம் காணும் தோட்டம் பெரிதும் இம்மீட்டெடுப்பின் விளைவாகும். முதல் உலகப் போரின்போது மாளிகை மருத்துவமனையாகப் பயன்பட்டது.

1968 இல் மாளிகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போதும் சோமியேயின் வழித்தோன்றல்களான வோகுவே குடும்பத்தினருக்கே சொந்தமாக உள்ளது. பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி பார்வையாளர் கட்டணத்தையே நம்பியுள்ளது. கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் சுமார் 2,000 மெழுகுவத்திகள் ஏற்றப்படுவதுண்டு. குதிரை இலாயங்களில் பழைய வண்டிகளின் அருங்காட்சியகம் உள்ளது. குவிமாடத்தின் உச்சிவரை ஏறிப் பார்க்கலாம். பாரிஸிலிருந்து மெலன் வரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து சாலை வழியாக இங்கு வரலாம்.

மாளிகையை ஒட்டிய பூவேலைப் பாத்திகள் 1920களில் 'பாக்ஸ்' என்னும் குறுஞ்செடிகளால் மீள உருவாக்கப்பட்டவை. அந்துப்பூச்சியாலும் பூஞ்சை நோயாலும் அவை நலிந்துபோனதால் 2019 இல் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் அலுமினியப் பட்டைகளால் ஆன தற்காலிக வடிவமைப்பு ஒன்று நிறுவப்பட்டது.