பாலாற்றின் உப்பும் காவிரிப் படுகையின் ஷேல் எரிவாயுவும்

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2020 பிப்ரவரியில் நிறைவேற்றியது. அங்கே புதிதாகத் தொடங்கக் கூடாத தொழில்கள் எவை என்பதை அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. துத்தநாகம், தாமிரம் உருக்கும் ஆலைகளோடு தோல் பதனிடும் ஆலையும் அதில் இருக்கிறது. நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு உள்ளிட்ட எண்ணெய், எரிவாயு எடுப்பும் இருக்கிறது. தோல் பதனிடல், பாலாற்று வட்டாரத்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போடும் தொழில். ஷேல் எரிவாயு இந்தியாவில் இன்னும் வணிக அளவில் வேர்பிடிக்காதது. ஆனாலும் இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்தது மிகச் சரி என்றே நான் நினைக்கிறேன். இரண்டும் விட்டுச்செல்லும் கழிவு ஒன்றுதான்: உப்பு நீர்.

அறுத்த மாட்டின், ஆட்டின் தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் மண்டிக்கு அனுப்புகிறார்கள். பதனிடும் ஆலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம் எல்லாம் வரும். ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் தோல் ஆலை மாசு வழக்கின் 1996 தீர்ப்பில் குறித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைப் படியவைக்கலாம், கரிமக் கழிவை நுண்ணுயிர்களை விட்டுச் சிதைக்கலாம். கரைந்த உப்பு அந்தத் தொட்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் தேவைப்பட்டன. மின்செலவு ஏறியது, கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி தீரவில்லை.

இதே கதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது. ஷேல் பாறை பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் இருக்கிறது. அதில் அடைபட்ட வாயுவை விடுவிக்க, நீரோடு மணலும் வேதிப்பொருள்களும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான லிட்டர் நீர் செலவாவதுண்டு. அதில் ஒரு பகுதி, பாறையின் பழைய உப்பையும் சில இடங்களில் ரேடியத்தையும் கரைத்துக்கொண்டு, கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்பாகத் திரும்பி வருகிறது. இந்த நீரை நகராட்சிகளின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றாலும் உப்பைப் பிரிக்க முடியவில்லை. 2008 இலையுதிர் காலத்தில் மொனோங்கஹேலா ஆற்றில் கரைந்த உப்பின் அளவு வரம்பை மீறியது. சுரங்க நீரோடு எரிவாயுக் கிணற்று நீரும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படி அனுப்புவதை நிறுத்துமாறு 2011இல் எரிவாயு நிறுவனங்களை மாநில அரசு கேட்டுக்கொண்டது. நாடு முழுவதற்குமான தடை 2016இல்தான் வந்தது. வாணியம்பாடி விவசாயி கிணற்றில் கண்ட உப்பைப் பணக்கார நாடு ஒன்று ஆற்றில் கண்டது.

கொள்கை எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலும் ஒற்றுமை தெரிகிறது. பாலாற்றங்கரையில் முன்பு ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை ஒன்றிய அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி கூடியது. குரோமியப் பதனிடலும் பெருகியது. அந்தக் கணக்கில் பாலாற்று நிலத்தடி நீருக்கு இடமே இல்லை. ஷேலிலும் டெல்லியின் கண் எரிபொருள் இறக்குமதிச் செலவின் மேல்தான் இருந்தது. 2013 அக்டோபரில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஷேல் ஆய்வுக் கொள்கை வந்தது. 2016இல் எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் ஒரே உரிமம் என்றானது. ஒன்றிய அரசின் 2020 ஜனவரி 16 அறிவிக்கையோ ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்றது.

இரண்டு வட்டாரங்களின் பாதையும் பிரிவது இதற்குப் பிறகுதான். பாலாற்றில் கேடு முதலில் வந்தது, சட்டம் பிறகு வந்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்த 1996 தீர்ப்பு பதிவு செய்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அதில்தான் உறுதியானது. இழப்பீட்டை நிர்ணயிக்கும் ஆணையம் 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. சராசரியாகத் தலைக்குப் பத்தாயிரத்தைக்கூடத் தொடாத தொகை. அதுவும் எல்லோர் கைக்கும் போய்ச் சேராததால், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட வேண்டியிருந்தது. இதற்கிடையில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அதே ஊரில், எப்போதோ மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கிடக்கிறது.

காவிரிப் படுகையில் மக்கள் முந்திக்கொண்டார்கள். 2010இல் மன்னார்குடி மீத்தேன் உரிமம் வழங்கப்பட்டதிலிருந்து எதிர்ப்பு வளர்ந்தது. ஊர் ஊராகப் போய் மீத்தேன் எடுப்பின் கேட்டை விளக்கிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பயணத்தினிடையே 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் காலமானார். மீத்தேன் எடுப்புக்கு 2015இல் மாநில அரசு தடை அறிவித்தது. 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்கள் எண்ணெய், எரிவாயு எடுப்பை எதிர்த்து எழுந்தன. இந்தப் போராட்டங்களின் விளைச்சல்தான் 2020 சட்டம். பிரான்ஸ் 2011இல் இப்படித்தான், ஒரு ஷேல் கிணறுகூட உற்பத்திக்கு வருமுன் பாறை பிளப்பைத் தடை செய்தது. பாலாற்று மக்கள் வழக்காடி வாங்கிய முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் முழுப் பலன் கிடைத்தது காவிரிக்கு.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியாது. தோல் தொழில் லட்சக்கணக்கானோர் வயிற்றோடு கட்டப்பட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் காலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்களின் கூலியில் எத்தனையோ வீடுகள் நிற்கின்றன. அங்கே மூடு என்பவர் அந்த வீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எரிவாயுக் கிணறோ தோண்டும்போது சிலருக்கு வேலை தரும், பிறகு உள்ளூருக்கு அதிகம் மிஞ்சாது. ஆகவே ஒன்றைத் திருத்த வேண்டும், மற்றதைத் தொடங்காமலே விட வேண்டும்.

காவிரியின் வேலியிலும் ஓட்டைகள் இருக்கின்றன. ஏற்கெனவே இயங்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. திருச்சியும் அரியலூரும் மண்டலத்துக்குள் வரவில்லை. 2023இல் மண்டலத்துக்குள்ளேயே நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் ஏறி, எதிர்ப்புக்குப் பிறகே நீக்கப்பட்டன.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இன்று குடிநீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. பாலாறு வறண்டதற்கு மணல் அள்ளியதும், மேலே நீரைத் தடுத்ததும் காரணங்கள்தாம். ஆனால் நிலத்தடியில் மிஞ்சிய நீரும் உப்பானது தோல் கழிவால். காவிரியைக் காப்பது இனித் தஞ்சைக்காரர் வேலை மட்டுமல்ல. மண்டல எல்லையை விரிக்கவும், 2025 ஆணைப்படி இழப்பீட்டைக் கடைசி விவசாயி வரை சேர்க்கவும், ராணிப்பேட்டைக் கழிவு மலையை அகற்றவும் இரு வட்டாரத்தவரும் ஒரே குரலில் அரசைக் கேட்க வேண்டும்.