கொங்கு நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும் திறன்மிகு மாணாக்கரும்

மாணாக்கரின் தனித்திறனை இளமையிலேயே கண்டறிந்து வளர்த்தல் இக்காலக் கல்வியியலார் கண்ட புதுநெறி எனக் கருதுவார் உளர். கொங்கு நாட்டுக் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு இக்கருத்து முற்றும் பொருந்தாமை புலனாகும்.

சென்னை மாநில ஆளுநராயிருந்த தாமசு மன்றோ, 1822ஆம் ஆண்டில் நாட்டுக் கல்விநிலை பற்றிய கணக்கினைத் திரட்டப் பணித்தார். கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகளும் ஏறத்தாழ 8,200 மாணாக்கரும் இருந்தமை அதனால் தெரியவருகின்றது. பள்ளியொன்றுக்குப் பதினொருவர் என்னும் அளவே அமைதலின், ஒவ்வொருவர் ஆற்றலையும் ஆசிரியர் அணுகி அறிதல் எளிதாயிருந்திருக்கும். மேலும், தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் முந்திக் கற்றவன் சட்டாம்பிள்ளையாகிப் பிறர்க்குக் கற்பித்தான். அதனால் அவன் அறிவும் கூர்மையுற்றது. மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் அஃது இங்கிலாந்திலும் பரவிற்று.

எனினும் ஒரு குறை மறைத்தற்குரியதன்று. அக்கணக்கில் பெண்மக்கள் மிகச் சிலரே இடம்பெற்றனர். தீண்டாமைக்கு ஆட்பட்டோர்க்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாயிற்று. வாயிலுக்கு வெளியே நின்றார் திறனை எவரும் அளந்திலர்.

இன்று அவ்வாயில் அகன்றுள்ளது. எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறும் ஏழை மாணாக்கர், ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை பெறுகின்றனர். ஆயின், ஒருநாள் தேர்வு அறியாத திறன்களும் பல. அனைவரையும் ஏற்கும் இக்கால நெறியோடு, ஒவ்வொருவரையும் அணுகி அறிந்த பழைய நெறியும் இணைதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மையாம்.