ஆஸ்போர்ன் விளைவு

ஆஸ்போர்ன் விளைவு என்பது, இதைவிட மேலான புதிய பொருள் வரப்போகிறது என்ற செய்தி பரவுவதால், கடையில் இருக்கும் பொருளின் விற்பனை படுத்துவிடும் நிலையைக் குறிக்கும். ஆடித் தள்ளுபடி வரட்டும் என்று ஆனி மாதம் முழுவதும் துணிக்கடைப் பக்கமே போகாதவரின் மனக்கணக்குதான் இது. இன்று கைப்பேசி வாங்குவோரிடம் இது அதிகம் தென்பட்டாலும், பெயர் வந்தது ஒரு கணினி நிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து.

ஆடம் ஆஸ்போர்ன் (1939–2003) பாங்காக்கில் பிறந்தவர். இவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், திருவண்ணாமலை ரமண மகரிஷியின் அடியவர். அவரைப் பற்றி நூல்கள் எழுதியவர். எனவே ஆடமின் இளமைக் காலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டில் கழிந்தது. பின்னர் வேதிப் பொறியியல் கற்று, அமெரிக்காவில் கணினி நூல்களை எழுதி வெளியிட்டு வந்த அவர், 1981இல் கலிபோர்னியாவில் ஒரு கணினி நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதே ஆண்டில் வெளியான 'ஆஸ்போர்ன் 1' கணினியின் விலை 1,795 டாலர். திரை வெறும் 5 அங்குலம். எடையோ ஏறத்தாழ 11 கிலோ. இதைத் தூக்கிச் செல்லும் கணினி என்று விளம்பரப்படுத்தினார்கள், தூக்கியவர் தோளைக் கேட்டால்தான் உண்மை தெரியும். ஆயினும் தேவையான மென்பொருள்களையும் சேர்த்தே கொடுத்ததால் நன்றாக விற்றது.

1983இன் தொடக்கத்தில், 7 அங்குலத் திரை கொண்ட 'எக்சிகியூட்டிவ்' என்ற அடுத்த கணினியைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசத் தொடங்கினார். விற்பனையாளர்கள் பழைய கணினிக்கான ஆணைகளை நிறுத்தினர். கிடங்கில் சரக்கு தேங்கியது, கையில் பணம் வறண்டது. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான். முன்கூட்டிய அறிவிப்பு ஒன்றே நிறுவனத்தைச் சாய்த்தது என்று சொல்வது சரியாகாது. 9 அங்குலத் திரையுடன் வந்த 'கேப்ரோ' கணினி ஏற்கெனவே வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தது. ஐபிஎம் கணினியும் சந்தையில் காலூன்றிவிட்டது. நிர்வாகத்திலும் குறைகள் இருந்தன. எப்படியோ, பழி முழுவதும் அவர் வாயின் மீது விழுந்து, பெயரும் நிலைத்துவிட்டது. நோயுற்ற ஆஸ்போர்ன் 1992இல் இந்தியா திரும்பி, கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்போர்ன் தாமே செய்தியைச் சொன்னார். கைப்பேசிக் காலத்தில் தயாரிப்பாளர் வாய் திறக்காமலேயே இது நடக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2010 சூனில் ஐபோன் 4ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சூனில் புதிய கைப்பேசி எதுவும் வரவில்லை. உடனே ஊகங்கள் கிளம்பின: திரை பெரிதாகுமாம், உடல் மெலியுமாம், பெயர் ஐபோன் 5ஆம். சில நிறுவனங்கள் அந்த ஊகத்தை நம்பி, பிறக்காத கைப்பேசிக்கு உறையே தைத்துவிட்டன!

2011 ஏப்ரல்–சூன் காலாண்டில் 2.03 கோடியாக இருந்த ஐபோன் விற்பனை, அடுத்த காலாண்டில் 1.71 கோடியாகக் குறைந்தது. வதந்திகளால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டதும் இதற்குக் காரணம் என்று தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் விளக்கினார்.

காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? அக்டோபர் 4 அன்று அறிவிக்கப்பட்டது ஐபோன் 4எஸ். உள்ளே வேகமான செயலி, சிறந்த நிழற்படக் கருவி, குரலுக்குப் பதில் சொல்லும் 'சிரி'. வெளித்தோற்றமும் திரையும் பழையவையே. பெரிய திரைக்காகப் பொறுத்தவர்கள் 2012 செப்டம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. உண்மையில் ஆதாயம் அடைந்தவர்கள் பழைய மாதிரியே போதும் என்று இருந்தவர்கள்: அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலரில் தொடங்கிய ஐபோன் 4, நினைவகம் குறைந்த வடிவில் 99 டாலருக்குக் கிடைத்தது. ஆப்பிளுக்கும் இழப்பு நீடிக்கவில்லை. அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் 3.7 கோடி ஐபோன்கள் விற்றன. ஆஸ்போர்னிடம் இல்லாதது இந்தக் காலாண்டைத் தாங்கும் பணம்தான்.

2017 மே மாதத்திலும், வரப்போகும் ஐபோன்கள் பற்றிய செய்திகளால் விற்பனை தயங்குவதாகக் குக் கூறினார். 2018 நவம்பரில், இனி ஐபோன் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. அதன் பிறகு, எத்தனை பேர் வாங்காமல் காத்திருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து கணக்கிடுவது கடினமாகிவிட்டது.