நூறு இருக்கை, நூற்றேழு பயணிகள்

டிக்கெட் கையில் இருக்கிறது. இடம் உறுதி என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. விமான நிலையத்துக்குப் போனால், "இடமில்லை, அடுத்த விமானத்தில் போங்கள்" என்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருக்கும்?

1972 ஏப்ரல் 28 அன்று வாஷிங்டனில் ரால்ஃப் நேடருக்கு இதுதான் நேர்ந்தது. அவர் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிப் பெயர் பெற்ற அமெரிக்க வழக்கறிஞர். ஹார்ட்ஃபோர்டு நகரில் நிதி திரட்டும் கூட்டத்தில் பேசப் புறப்பட்டவர். அல்லெகெனி கம்பெனியின் அந்த விமானத்தில் இருக்கைகள் 100. உறுதி செய்யப்பட்ட பதிவுகளோ 107!

இது யாரோ ஒரு குமாஸ்தாவின் கணக்குப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். தெரிந்தே செய்தது. பதிவு செய்தவர்களில் சிலர் எப்போதும் வருவதில்லை. விமானம் கிளம்பிய பின் காலி இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. எத்தனை பேருக்குக் கூடுதலாக விற்கலாம் என்பதை மார்ட்டின் பெக்மன் 1958லேயே கணிதமாக ஆராய்ந்து எழுதினார்.

நாமும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேரில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்துக்கொள்வோம். 100 டிக்கெட் மட்டும் விற்றால் சராசரியாகப் பத்து இருக்கைகள் காலியாகப் பறக்கும். 107 விற்றால் சராசரியாக வருபவர்கள் 96 பேர்தான். ஆனால் சராசரி வேறு, ஒரு குறிப்பிட்ட நாள் வேறு. ஈருறுப்புப் பரவலின்படி கணக்கிட்டால், 100 பேருக்கு மேல் வந்து நிற்க ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு வாய்ப்பு உண்டு. இதில் ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்கிறார் என்று கொண்டோம். ஒரு குடும்பத்தில் நால்வர் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே வராமலும் போவார்கள். எனவே உண்மையில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம்.

சாதாரண வகுப்பு நிரம்பி வழிந்து, முதல் வகுப்பில் இடமிருந்தால் சிலரை அங்கே உட்கார வைப்பதும் உண்டு. ஒருவரின் அதிர்ஷ்டமும் மற்றவரின் ஏமாற்றமும் இந்த ஒரே கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. கடைசியாக வந்து சேர்ந்தவர், குறைந்த கட்டணம் கொடுத்தவர் முதலியோரே பெரும்பாலும் வெளியே நிற்க நேரிடும்.

நேடர் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். கீழ்க் கோர்ட் நஷ்டத்துக்கு 10 டாலரும், தண்டனையாக 25,000 டாலரும் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது ரத்தாயிற்று. 1976இல் சுப்ரீம் கோர்ட், கூடுதலாக விற்பதை மறைத்ததற்காகப் பயணி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு முன்பே, 1968இல், ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். பயணிகளிடம் உறையும் தாளும் கொடுங்கள். எவ்வளவு பணம் தந்தால் காத்திருப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மிகக் குறைவாகக் கேட்டவருக்கு அதைக் கொடுத்து அடுத்த விமானத்தில் அனுப்புங்கள். ஏலத்தைத் தலைகீழாக்கியது போல! அவசரமில்லாதவர் மகிழ்ச்சியோடு இறங்குவார், அவசரக்காரர் பறப்பார். நடைமுறைக்கு ஒவ்வாது என்று கம்பெனிகள் தள்ளிவிட்டன. விமானத்துறையை ஒழுங்குபடுத்திய அரசு வாரியத்துக்கு ஆல்ஃபிரட் கான் தலைவரானார். அவரும் பொருளாதார அறிஞரே. விருப்பமுள்ளவர்களை முதலில் கேட்டாக வேண்டும் என்ற விதி 1978இல் வந்தது. கட்டாயமாக இடம் மறுக்கப்படுவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் தொகைக்குக் கம்பெனிகள் ஓர் எல்லை வைத்திருந்தன. 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில், யுனைடெட் விமானத்தில் நான்கு ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டது. 800 டாலர் வரை கேட்டார்கள், ஒருவரும் எழவில்லை. அத்தோடு ஏலத்தை நிறுத்திவிட்டு, இருக்கையில் அமர்ந்திருந்த ஒரு பயணியைக் காவலர்களைக் கொண்டு இழுத்து வெளியேற்றினார்கள். அவருக்கு மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின. அந்த மாதமே யுனைடெட் தன் எல்லையை 10,000 டாலராக உயர்த்தியது. விமானத்தில் ஏறிவிட்டவரை இடமில்லை என்று இறக்கக்கூடாது என 2018இல் சட்டமும் வந்தது. சைமன் இதையெல்லாம் பார்க்கவில்லை, 1998லேயே காலமாகிவிட்டார்.